லெம்பி கைமாற்றிய துப்பாக்கி

எங்கள் வேட்டைக் குடிசையின் சுவர் முழுக்கச் சட்டைத் துண்டுகள்தான். மானைச் சுட்டுத் தவறவிட்டவனின் சட்டையில் பின்பக்கத்தைக் கத்தரித்து, பேரும் வருஷமும் எழுதி ஆணியடித்து மாட்டிவிடுவோம். கெஞ்சினாலும் விடமாட்டோம். என்னுடைய துண்டுகளை மட்டும் சேர்த்தே ஒரு கட்டில் விரிப்பு தைத்துவிடலாம். இந்தக் கதை நடக்கும்வரை லெம்பி ஹார்யுவின் சட்டை மட்டும் அந்தச் சுவரில் ஏறியதே இல்லை. மிச்சிகனின் வடகோடியில் இருக்கும் இந்தக் காட்டில் அது சின்ன விஷயமில்லை.

லெம்பி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பனி எவ்வளவு கொட்டினாலும் அவள் வண்டி வந்துவிடும். பிள்ளைகள்தான் வீட்டிலிருந்து இறங்கத் தாமதிப்பார்கள். வாய் பொல்லாதது. ஆனால் அவளைப் போல நேர்மையான ஆளை நான் பார்த்ததில்லை. உருளைக்கிழங்கு விற்றால்கூட, "மூட்டை அடியில நாலஞ்சு அழுகல் கெடக்கும், பாத்து எடுத்துக்க" என்று சொல்லித்தான் கொடுப்பாள். அப்படிச் சொல்லி வியாபாரம் பண்ணுகிறவளுக்கு எங்கே காசு சேரும்? சேரவில்லை.

அவளிடம் ஒரு பழைய லீவர் துப்பாக்கி இருந்தது, ஒவ்வொரு தோட்டாவுக்கும் விசையருகே உள்ள லீவரை இழுத்துவிட்டுச் சுடுகிற வகை. அவள் கணவன் ஒன்னியைத் தவிர வேறு யாரையும் தொடவிட மாட்டாள். தேவதாரு மரங்களுக்கு நடுவே ஒரு கணம் தெரிகிற மானை அவள் அந்தத் துப்பாக்கியால் சாய்ப்பதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். எனக்கு இருந்தது.

ஒரு வசந்தத்தில் ஒன்னி இறந்துபோனான். அந்தக் கோடையில் லெம்பி செய்யக்கூடாத காரியத்தைச் செய்தாள். அந்தி வெளிச்சத்தில் அவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, துப்பாக்கியைப் பார்க்கப் பார்க்க ஒன்னி ஞாபகம் வேறு. எங்கள் குடிசைக்காரர்களில் இளையவனான டுவேன் பெலாங்கர் அந்தத் துப்பாக்கி மேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தான். அவனிடம் தொலைநோக்கி பொருத்திய புதுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. இதற்கு அது என்று பேசி முடித்தார்கள்.

துப்பாக்கி மாற்றும்போது குறையைச் சொல்லிவிட்டுத்தான் கைகுலுக்க வேண்டும். குலுக்கியபின் திருப்பிக் கேட்பது கேவலம். இதுவும் எங்கள் வழக்கம்தான். லெம்பி சொன்னாள்: "கட்டையில இங்க ஒரு கீறல் இருக்கு. குளிர்ல லீவர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அவ்வளவுதான்." கைகுலுக்கினார்கள்.

அந்த வாரமே அவளுக்கு மனசு கேட்காமல் போயிற்று. காப்பி குடிக்கப் போன என்னிடம், "ஆர்வித், நான் ஒரு மடச்சி" என்றாள்.

"அது ஊருக்கே தெரியும். இப்ப என்ன ஆச்சு?"

"அவர் துணிமணிய எல்லாம் தூக்கிக் குடுத்தேன், ஒண்ணும் தோணல. அந்த இரும்புத் துண்டக் குடுத்துட்டு அழுதுகிட்டு உக்காந்திருக்கேன்."

"திருப்பிக் கேளேன்."

"கை குலுக்கியாச்சு" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

நவம்பரில் வேட்டைக்காலம் திறந்தது. முதல் நாளே லெம்பி ஒரு மானைத் தவறவிட்டாள். கத்தரிக்கோலை எடுக்க யாருக்கும் கை வரவில்லை. "என்னடா முழிக்கிறீங்க? வெட்டுங்க!" என்று அவளே திரும்பி நின்றாள். அதே நாளில் டுவேனும் தவறவிட்டான். மறுநாளும் தவறவிட்டான். "லெம்பி துப்பாக்கிய வச்சுக்கிட்டே இந்த லட்சணமாடா?" என்று ஆளாளுக்கு அவனைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தத் துப்பாக்கியை அவன் ஒருமுறைகூடத் தாளில் சுட்டுச் சரிபார்க்கவில்லை. எங்களில் யாராக இருந்தாலும் பார்த்திருக்க மாட்டோம். லெம்பியின் துப்பாக்கியைச் சரிபார்ப்பது என்பது பாதிரியாரிடம் ஜெபம் தெரியுமா என்று கேட்பதுபோல.

லெம்பி அப்படி விடுகிறவள் இல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு சரளைக் குழிக்குப் போய்த் தாளை மாட்டி, புதுத் துப்பாக்கியால் சுட்டாள். எல்லாத் தோட்டாக்களும் இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தன.

"தொலைநோக்கி கோணல். நீ சுடு" என்றாள்.

நான் சுட்டேன். நடுவில் விழுந்தது. நான் சுட்டதே அப்படி விழுந்தால் துப்பாக்கியில் குற்றமே இல்லை என்று அர்த்தம்.

லெம்பி தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுடைய ஆள்காட்டி விரல் சின்ன வயதில் மரம் அறுக்கும் ஆலையில் நசுங்கிக் கோணலாகச் சேர்ந்தது. விசையை இழுக்கும்போது அந்த விரல் துப்பாக்கியை இடப்பக்கம் தள்ளுகிறது. இத்தனை வருஷமும் அவளுக்கு அது தெரியாது.

"வருஷா வருஷம் நானும் ஒன்னியும் இங்கதான் வருவோம்" என்றாள். "நான் சுடுவேன். அவர் தாளப் போய்ப் பாத்துட்டு வந்து, 'காப்பி ஊத்து'ம்பார். நான் ஊத்துற நேரத்துல சுத்தியல எடுத்து டொக் டொக்குன்னு தட்டுவார். என்னன்னு கேட்டா, 'துரு'ம்பார்."

எனக்கும் புரிந்தது. குழலின் மேல் குறிபார்க்க இருக்கும் பின்குறியை ஒன்னி வலப்பக்கம் தட்டித் தட்டி நகர்த்தி, துப்பாக்கியையே அவள் விரலுக்கு ஏற்றபடி கோணலாக்கி வைத்திருந்தான். உன் கை கோணல் என்று ஒருநாளும் சொல்லவில்லை. சொன்னால் இவள் என்ன ஆட்டம் ஆடியிருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். பேசாமல் செய்துவிட்டு, பேசாமல் போய்ச் சேர்ந்தான்.

லெம்பி பனியிலேயே உட்கார்ந்து அழுதாள். ஒன்னியைப் புதைத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

மறுநாள் அவள் வீட்டில் ஏலக்காய் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தேன். டுவேன் கதவைத் தட்டினான். கையில் அந்தத் துப்பாக்கி.

"லெம்பி, இத நீங்களே வச்சுக்குங்க. உங்க கைக்கு மட்டுந்தான் இது கேக்குது. என்னோடதத் திருப்பிக் குடுத்துருங்க, போதும். மானம் போகுது."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நான் நினைத்தேன். அவளாகக் கேட்கவில்லை, அவனாகக் கொண்டுவந்திருக்கிறான். வாயைத் திறக்காதே என்று அவளுக்குக் கண்ணைக் காட்டினேன். மேசைக்கடியில் காலால் உதைத்தும் பார்த்தேன்.

லெம்பி துப்பாக்கியை வாங்கினாள். தோளில் வைத்து ஜன்னல் வழியே குறிபார்த்தாள். கன்னத்தைக் கட்டையில் சாய்த்தபடி அவள் நின்ற நேரத்துக்குள் என் காப்பி ஆறிவிட்டது.

பிறகு இறக்கினாள். "துப்பாக்கியில ஒண்ணும் இல்லடா. என் விரல் கோணல். அதுக்குத் தக்கபடி இந்தக் குறியத் தள்ளி வச்சிருக்கு. எனக்கே நேத்துதான் தெரியும். தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

"அப்படின்னா?"

"இந்தப் பக்கம் கொஞ்சம் தட்டினா உனக்கு நேரா சுடும். இல்ல, இதெல்லாம் வேணாம், மாத்திக்கலாம்னு நீ சொன்னாலும் சரி. உன் இஷ்டம்."

டுவேன் யோசிக்கக்கூட இல்லை. முகமெல்லாம் பல்லாக, "தட்டுங்க!" என்றான்.

ஒன்னியின் இழுப்பறையிலிருந்து சுத்தியலையும் பித்தளை முளையையும் எடுத்துவந்தாள். அவள் கையாலேயே தட்டினாள். ஒன்னி வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து நகர்த்தியதை ஒரு நிமிஷத்தில் நேராக்கிவிட்டாள். தட்டி முடித்ததும் அந்த இடத்தை ஒருதரம் கட்டைவிரலால் தடவினாள். டுவேன் அதைப் பார்க்கவில்லை.

அவன் போனதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "புருஷன் செஞ்சு வச்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பய இங்கனயே வச்சுட்டுப் போயிருப்பானே!"

"போயிருப்பான். அதான் சொல்லல."

"ஏன்?"

"பாவம் பாத்துக் குடுத்த மாதிரி ஆயிரும். ஒன்னி வேலையக் காட்டிப் பிச்சை எடுக்கச் சொல்றியா?" என்றாள். "ரொட்டி இன்னும் வேணுமா, இல்ல திட்டிட்டுத்தான் திம்பியா?"

தின்றேன். திட்டவும் செய்தேன்.

வேட்டைக்காலத்தின் கடைசி நாள் காலை, நானும் லெம்பியும் சதுப்பின் இந்தக் கரையில் இருந்தோம். அந்தக் கரையிலிருந்து ஒரே ஒரு வெடி கேட்டது. அந்தச் சத்தம் எந்தத் துப்பாக்கியுடையது என்று எனக்குத் தெரியும். அவளுக்குச் சொல்லவே வேண்டாம். இரண்டாவது வெடி வரவில்லை. லெம்பி எழுந்தாள். "வா, இழுக்க ஆள் வேணும்" என்று பனியில் முன்னால் நடந்தாள்.

அழகான எட்டுக்கிளைக் கொம்பு மான். ஒரு பக்கம் கொம்பை அவளும் மறுபக்கம் டுவேனும் பிடித்து இழுத்தார்கள். நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தேன். டுவேன் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான்.

"லெம்பி, சத்தியமாச் சொல்றேன், இப்படி ஒரு துப்பாக்கிய நான் பாத்ததே இல்ல. வீட்ட வித்தாலும் இத விக்கமாட்டேன்."

லெம்பி நின்றாள். கொம்பிலிருந்து கையை எடுத்து, அவன் தோளில் தொங்கிய துப்பாக்கியின் வாரைப் பிடித்து நேராக்கினாள்.

"விக்காத, டுவேன்" என்றாள். "யாரு என்ன குடுத்தாலும் விக்காத."