லேத்தைப் பெயர்க்க வந்தவர்கள்

ரிக்கர் என்று ஒரு தொழில் இருப்பது பலருக்குத் தெரியாது. கனமான இயந்திரங்களை ஓரிடத்திலிருந்து பெயர்த்து இன்னோர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துபவர்கள். வீடு மாறும்போது கட்டில் பீரோ ஏற்றுகிற லோரிக்காரர்கள் வேறு, இவர்கள் வேறு. இவர்கள் கேட்கும் கூலியைக் கேட்டால் முதலில் சிரிப்பு வரும், அப்புறம் கோபம் வரும். எனக்கு இரண்டும் ஒரே நாளில் வந்தன.

மலாக்கா பக்கம் ஜாசினில் எங்களுக்கு ஒரு பட்டறை இருந்தது. என் வீட்டுக்காரர் லேத் பிடிப்பவர். நான் ஃபோன் எடுப்பேன், விலை சொல்வேன், வேலை முடிந்ததா என்று கேட்டு வருகிறவர்களுக்கு முகம் கோணாமல் சாக்குச் சொல்வேன். சின்ன லேத் ஒன்று, துளை போடும் இயந்திரம் ஒன்று, பெரிய லேத் ஒன்று. சோறு போட்டது பெரியதுதான். பாமாயில் மில்லிலிருந்து வரும் நீளமான ஷாஃப்டுகளை அதில் மட்டும்தான் கடைய முடியும். கோலா சுங்கை பாருவிலிருந்து படகுக்காரர்கள் வளைந்துபோன புரொப்பல்லர் ஷாஃப்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது சரியாகும்வரை கடலுக்குப் போக முடியாது என்பதால், கடை வாசலிலேயே உட்கார்ந்து எங்கள் தேத்தண்ணியைக் குடித்துத் தீர்ப்பார்கள்.

அந்த லேத் மூன்று டன். எங்கள் மூத்த மகளைவிட அதற்கு வயது அதிகம். என்னோடு இருந்ததைவிட அவர் அதனோடு இருந்த நேரம்தான் அதிகம். இதை நான் சண்டையிலும் சொல்லியிருக்கிறேன், சும்மாவும் சொல்லியிருக்கிறேன். அவர் ஒருமுறைகூட மறுத்ததில்லை.

கடையின் சொந்தக்காரரான தவுக்கே முதலாளி இறந்ததும் அவருடைய பிள்ளைகள் அந்த வரிசைக் கடைகளை மொத்தமாக விற்றுவிட்டார்கள். வாங்கியவர் இடித்துக் கட்டப் போவதாகச் சொன்னார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். செலண்டாரில் ஒரு ஷெட் கிடைத்தது. என் வீட்டுக்காரர் அங்கே பெரிய லேத்துக்கென்று தனியாகத் தளம் கெட்டிப்படுத்தி, போல்ட்டுகூடப் பதித்துவிட்டார். இனி லேத் அங்கே போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி. போய்ச் சேராவிட்டால் மில் வேலை இல்லை, மில் வேலை இல்லையென்றால் பட்டறை என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு ஒன்றுமில்லை.

மலாக்காவிலிருந்து ரிக்கர் ஒருவரை வரவழைத்தேன். தமிழ்ப் பையன், முப்பது வயது இருக்கும், கால்களில் கனத்த பூட்ஸ். லேத்தை ஒரு சுற்றுச் சுற்றினான், கதவை அளந்தான், வெளியே போய்ச் சாக்கடைக்கு மேல் கிடந்த இரும்புப் பலகையை மிதித்துப் பார்த்தான், படம் எடுத்தான்.

“ஆறாயிரம் ரிங்கிட் வரும்கா” என்றான்.

“ஆறாயிரமா? இந்தா இருக்கிற செலண்டாருக்கா?”

“தூரம் கணக்கில்லக்கா. கிரேன் லோரி, ஃபோர்க்லிஃப்ட், ஆறு ஆளு, இன்சூரன்ஸ். இந்தப் பக்கம் ஏத்தணும், அந்தப் பக்கம் எறக்கி லெவல் பண்ணிக் குடுக்கணும்.”

“மெஷினே அதுக்கு மேல கொஞ்சம் போட்டு வாங்கினதுதான் தம்பி.”

“தூக்குறதுக்கு இல்லக்கா காசு. விழாம இருக்கறதுக்குத்தான் காசு.”

வாய்ச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் குறைக்கச் சொல்லிப் பார்த்தேன். சிரித்தான், குறைக்கவில்லை. அவன் போன பிறகு என் வீட்டுக்காரர் லேத்தைத் துடைத்தபடியே, “மஹால் லா, ரொம்ப வெல” என்றார். வங்கியில் இருந்ததை ஷெட்டுக்கு முன்பணமாகவும் சிமெண்டாகவும் ஏற்கெனவே கொடுத்திருந்தோம். ஆனாலும் நகையை வைத்தாவது அவனையே கூப்பிடலாம் என்று நான் மனதுக்குள் முடிவுசெய்துவிட்டேன்.

அதற்குள் வெள்ளிக்கிழமை வந்தது, கோயிலுக்குப் போனோம்.

எங்கள் கோயில் தோட்டத்துக் கோயில். தோட்டம் கைமாறிவிட்டது, லயத்து வீடுகள் இல்லை, ஆட்களெல்லாம் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டார்கள். ஆனால் திருவிழாவன்று தேரை இழுக்க எங்கிருந்தாலும் வந்துவிடுவார்கள். மரத்தேர். இரும்புப் பட்டை போட்ட சக்கரம். தோட்டத்துச் செம்மண் பாதையில் அதை மனிதர்கள்தான் இழுக்கிறார்கள். இழுப்பது பெரிய காரியமில்லை, திருப்புவதுதான் பெரிய காரியம். திரும்ப வேண்டிய பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டையைச் செருகுவார்கள். அந்தச் சக்கரம் நிற்கும், மறுபக்கத்துச் சக்கரம் ஓடும், தேர் மெல்ல முகம் திருப்பும். கட்டை ஒரு நொடி பிந்தினாலும் தேர் பாமாயில் மரங்களுக்குள் போய்விடும். அந்தக் கட்டையைப் போடுபவர் மாமா. எங்களுக்கு இரத்த உறவில்லை. ஆனால் எங்கள் கல்யாணத்தில் பந்தல் போட்டதிலிருந்து பிள்ளைகளுக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்டது வரை எல்லாம் அவர்தான்.

பூசை முடிந்து சுண்டல் வாங்கி நின்றபோது என் வீட்டுக்காரர் அவரிடம் மனத்தாங்கலாகச் சொன்னார். உதவி கேட்கவில்லை, சும்மா புலம்பினார்.

“ஆறாயிரம் கேக்குறானுங்க மாமா.”

“எதுக்குய்யா?”

“பெரிய லேத்தைச் செலண்டாருக்குக் கொண்டு போய் வைக்கிறதுக்கு.”

“எவ்வளவு கனம்?”

“மூனு டன்.”

மாமா சிரித்துவிட்டார். “நம்ம தேரு எவ்வளவுன்னு நெனக்கிற? அதையே வருசா வருசம் திருப்பிக் கொண்டாந்து ஷெட்டுல உடுறோம். ஞாயித்துக்கெழம பசங்களக் கூட்டிட்டு வரேன். நீ லோரி மட்டும் பாரு.”

சுற்றி நின்றவர்கள் அங்கேயே ஆள் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் ஜாக்கி கொண்டுவருவதாகச் சொன்னார், இன்னொருவர் மச்சானின் லோரியைச் சொன்னார்.

காரில் வரும்போது சொன்னேன். “ரிக்கர்காரனையே கூப்பிடலாங்க. என் சங்கிலி இருக்கு.”

“மாமா வரேன்னு சொல்லிட்டாரு. வேணாம்னு நீ சொல்றியா?”

யார்தான் சொல்ல முடியும்? சம்பளத்துக்கு வந்த ஆளென்றால் திருப்பி அனுப்பலாம். பாசத்துக்கு வந்தவர்களை எந்த வாயால் வேண்டாமென்பது? உங்கள் கையில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்னதாகத்தானே ஆகும்? மாமா வீட்டு வாசலை அப்புறம் மிதிக்க முடியுமா? இதையெல்லாம் அவரும் யோசித்திருப்பார். வண்டியை ஓட்டிக்கொண்டே வந்தார்.

ஞாயிறு காலையில் பதினைந்து பேர் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் கல்யாணக் களை. தேர் ஷெட்டிலிருந்து கயிறும் கட்டைகளும் கொண்டுவந்திருந்தார்கள். நான் விடியற்காலையிலேயே கோழி பிரட்டி, சாம்பார் வைத்து, பெரிய சட்டியில் சோறு வடித்துவைத்திருந்தேன். மாமா லேத்துக்குக் கற்பூரம் காட்டி, தேங்காய் சுற்றி உடைத்தார். ஜாக்கியால் தூக்கி அடியில் இரும்புக் குழாய்களைக் கொடுத்தார்கள். தள்ளியதும் அந்த மூன்று டன் நகர்ந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அப்போது நம்பிக்கை வந்துவிட்டது. யாரோ பழக்கத்தில் “அரோகரா” என்றார். எல்லோரும் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொன்னார்கள். அந்த ஆறாயிரத்தை என்ன செய்யலாம் என்றுகூட நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

கதவைத் தாண்டியாயிற்று. கடைக்கு முன்னால் ஐந்தடி நடைபாதை. அதற்கடுத்துச் சாக்கடை, மேலே இரும்புப் பலகை, அதற்கப்பால் லோரி. லேத் நேராக வந்து நின்றது, லோரி பக்கவாட்டில் நின்றது. லேத்தைத் திருப்ப வேண்டும்.

“மெதுவா மாமா. தலைப்பக்கம் கனம்” என்றார் என் வீட்டுக்காரர்.

“தெரியும்யா” என்று மாமா குனிந்து கட்டையைப் போட்டார். தேருக்குப் போடுகிற மாதிரியே, திரும்ப வேண்டிய பக்கத்தில், சரியான நேரத்தில். இதில் பிழையே இல்லை. பிழை என்னவென்றால், தேருக்குச் சக்கரம் அச்சில் மாட்டியிருக்கிறது. லேத்துக்கு அடியில் கிடந்தது வெறும் குழாய். கட்டை பட்டதும் குழாயின் ஒரு முனை நின்றது, மறுமுனை சறுக்கிக்கொண்டு ஓடியது. குழாய் கோணியது, கனமான தலைப்பக்கம் பலகையின் ஓரத்தில் ஏறியது, பலகை சாக்கடைக்குள் சாய்ந்தது. கயிறு பிடித்தவர்கள் இழுத்துப் பார்த்தார்கள். அப்புறம் என் வீட்டுக்காரர், “உட்டுடுங்க, எல்லாரும் உட்டுடுங்க” என்றார். நல்லவேளை, எல்லோரும் விட்டார்கள்.

லேத் சாய்வதற்கு நான் நினைத்ததைவிட அதிக நேரம் எடுத்தது. பார்த்துக்கொண்டே நின்றேன், வேறென்ன செய்வது? சாக்கடைக் கட்டில் அடிபட்டு அது குப்புற விழுந்தபோது எதிர்ச் சாரியிலிருந்த சீனர் காப்பிக்கடையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

யாருக்கும் அடியில்லை. அதை நினைத்து இன்றைக்கும் சாமி கும்பிடுகிறேன். மாமா கையில் இன்னொரு கட்டையோடு அப்படியே நின்றார், பிறகு நடைபாதையில் உட்கார்ந்தார். “நான் போட்ட கட்டைதான்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னார். என் வீட்டுக்காரர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “ஒன்னும் ஆகல மாமா. இரும்புதானே. தூக்கி நிறுத்தினா சரியாயிடும்” என்றார். யாரும் சாப்பிடவில்லை. நான் சோற்றைப் பொட்டலம் கட்டி ஆளுக்கொன்று கொடுத்தேன். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் ரிக்கர் பையன் வந்தான். நான் கூப்பிட்டபோது அவன் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் நானும் நாலு கேட்டிருப்பேன், மனம் ஆறியிருக்கும். விழுந்ததைத் தூக்குவதற்கு விலை வேறு, முதலில் சொன்னதைவிட அதிகம். சங்கிலி அடகுக்கடைக்குப் போனது.

கிரேன் வந்து பட்டை மாட்டி லேத்தை நிமிர்த்தினார்கள். பார்க்க அலுங்காமல் இருந்தது. கைப்பிடி ஒன்று உடைந்து, பெயிண்ட் உரிந்திருந்தது, அவ்வளவுதான். நான்கூட மூச்சு விட்டேன். என் வீட்டுக்காரர் மட்டும் மண்டியிட்டு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். அந்தப் பையனும் குனிந்தான். இரண்டு பேரும் நீண்ட நேரம் எழுந்திருக்கவில்லை.

லேத்தின் அடிப்பாகம் முழுவதும் ஒரே வார்ப்பு இரும்பு. பெட் என்பார்கள். அது நேராக இருந்தால்தான் கடைவது நேராக வரும். தலைப்பக்கத்துக்குக் கீழே அது குறுக்காக வெடித்திருந்தது. ஒட்டவைக்கலாம், ஆனால் பழைய நேர் திரும்பி வராது. இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, பல பேருடைய மெஷினைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை நானே ஃபோனில் சொல்லியிருக்கிறேன்.

பையன் எழுந்து கையைத் துடைத்தான். “எங்கண்ணே கொண்டு போகணும்? செலண்டாரா, பெசி புரோக் கடையா? எனக்கு ரெண்டும் ஒரே வெலைதான்.”

பழைய இரும்புக் கடைக்குப் போனால் கொஞ்சமாவது பணம் வரும். சங்கிலியில் பாதியாவது திரும்பும். நான் அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்காமலே, “செலண்டார்” என்றார்.

அந்த ஆட்கள் வேலை செய்த அழகை என்னவென்று சொல்வது! சாக்கடையைத் தாண்டி, லோரியில் ஏற்றி, செலண்டாரில் இறக்கி, பதித்துவைத்த போல்ட்டில் கச்சிதமாக உட்காரவைத்தார்கள். நீர்மட்டம் வைத்து லெவல் பார்த்தார்கள். செத்துப்போன மெஷினுக்கு லெவல் எதற்கு என்று கேட்கத் தோன்றியது. காசு கொடுத்த வேலை, செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

சாயங்காலம் மாமா மோட்டார் சைக்கிளில் வந்தார். வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார். லேத் நிமிர்ந்து நின்றது, வெடிப்பு அடியில் இருந்தது. மாமா உள்ளே வந்து அதை ஒரு பக்கமாகத் தொட்டார், மறுபக்கமாகத் தொட்டார், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ரெண்டு நாளா சோறு எறங்கலய்யா” என்றார். “நின்னுடுச்சு. போதும். எப்ப ஓட்டப் போற?”

அப்போதுதான் என் வீட்டுக்காரர் ஏன் செலண்டார் என்று சொன்னார் என்பது எனக்கு விளங்கியது. அவர் கொஞ்சமும் தடுமாறாமல், “கரண்டு இன்னும் வரல மாமா. இதுக்கு த்ரீ ஃபேஸ் வேணும். எழுதிக் குடுத்திருக்கேன்” என்றார்.

“வந்ததும் சொல்லு. தேங்கா உடைச்சு நான்தான் சுவிச்சு போடுவேன்.”

“நீங்கதான் மாமா போடணும்.”

இப்போது மில்லிலிருந்து ஷாஃப்ட் வந்தால் என் வீட்டுக்காரர் அதை மலாக்காவுக்கு எடுத்துக்கொண்டு போகிறார். வேறொருவர் பட்டறையில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து, அங்கிருக்கும் லேத்தில் கடைந்து கொண்டுவருகிறார். மிஞ்சுவது பெட்ரோலுக்குச் சரியாக இருக்கிறது. படகுக்காரர்கள் வருவதில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் மாமா எங்களைத் தேடி வருகிறார். நாங்கள் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்கிறார், “கரண்டு வந்துடுச்சாம்மா?” என் வீட்டுக்காரர் வேலை என்று சொல்லிவிட்டு மலாக்காவில் நிற்கிற வாரங்களில் நான் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

“இன்னும் வரல மாமா” என்கிறேன்.

“விடாதம்மா, ஆப்பீசுல போய் சத்தம் போடு” என்கிறார். போன வாரம் தன் மருமகனுக்குத் தெரிந்த ஒருவர் மின்சார ஆபீசில் இருப்பதாகச் சொல்லி, திங்கட்கிழமை அவரை நேரில் ஷெட்டுக்கே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.