கண்ணாடி போட்ட டிரைவர்

சங்கத்தில் அவருக்குக் 'கிராம்' என்று பெயர். வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவரோ ஏதோ பட்டம் கொடுத்ததுபோல வாங்கிக்கொண்டார். பகலில் பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை. மிச்ச நேரமெல்லாம் ஸ்லாட் கார். உள்ளங்கையில் அடங்குகிற கார் அது. பலகையில் வெட்டிய பாதையில் காடி எனும் ஒடுங்கிய பள்ளம் நீளமாக ஓடும்; காரின் அடியிலுள்ள முளை அந்தக் காடிக்குள் இறங்கும்; காடியோரத்துச் செப்புப் பட்டையிலிருந்து கரண்ட் ஏறும். ஓட்டுகிறவர் கையில் கன்ட்ரோலர். விசையை அழுத்தினால் கார் பாயும், விட்டால் நிற்கும். வளைவில் இம்மியளவு கூடுதலாக அழுத்தினாலும் காடியை விட்டுப் பறந்து யார் மடியிலாவது போய் விழும். நரை தட்டிய ஆண்பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் மரச்சாமான் கிடங்கின் மாடியில் கூடி இதற்காக உயிரை விடுவார்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

கிராமின் வேலை எடை குறைப்பது. பல்லைச் செதுக்கும் அதே சின்ன மோட்டாரால் காரின் மேல்கூட்டை உள்பக்கமாகத் தேய்த்துக்கொண்டே வருவார். நடுநடுவே பல்புக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். வெளிச்சம் எங்கும் ஒரே சீராகக் கசிய வேண்டும். ஓரிடத்தில் கூடுதலாகக் கசிந்தால் நாளைக்கு அங்கேதான் விரிசல் விழும். ஜன்னலுக்கும் முன்விளக்குக்கும் மாத்திரை அட்டையின் மெல்லிய பிளாஸ்டிக். உள்ளே உட்காரும் டிரைவர் பொம்மையைக்கூட விடமாட்டார், மண்டையைக் குடைந்து வெறும் கூடாக்கிவிடுவார். மேலே சுரண்டிய எடையையெல்லாம் ஈயத் தகடாகக் கீழே, தரையோடு தரையாக ஒட்டிவிடுவார். மொத்த எடை சட்டப்படி இருக்கும், பாரம் மட்டும் தாழ இறங்கியிருக்கும். அப்படிச் செய்த கார் வளைவில் லேசில் கவிழாது.

இவ்வளவு தெரிந்தவருக்கு ஓட்ட வராது. சுத்தமாக வராது. விசையில் விரல் வைத்தால் முதல் வளைவிலேயே கார் பறந்துவிடும். நல்லவேளையாகச் சங்கத்தில் செய்பவர் ஒருவர், ஓட்டுபவர் ஒருவர் என்று ஜோடியாகத்தான் பெயர் கொடுக்க வேண்டும். கிராமுக்கு ஓட்டியவர், பின்னால் அவர் தங்கையையே கட்டிக்கொண்டார். தங்கை மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். காலி மாத்திரை அட்டைகள் அவள் கொண்டுவந்தவைதான். கதவுக் கோடு, எண், சேறு தெறித்த கறை, டிரைவரின் முகம், எல்லாம் அவள் கைவண்ணம். அண்ணன் இழைக்க, தங்கை தீட்ட, மாப்பிள்ளை ஓட்ட, அந்தக் கூட்டணியை அடித்துக்கொள்ள ஆளில்லை. குடும்பம் என்றால் இதுதான் என்று கிராம் நினைத்திருந்தார்.

மாப்பிள்ளையின் கை விசையில் மட்டும்தான் பதமாக இருந்தது. வீட்டில் அது எப்படி இருந்தது என்பதைத் தங்கை வெகுநாள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு காலை, காதைப் பொத்திக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மருத்துவரிடம் கூட்டிப்போனவர் கிராம்தான். மாப்பிள்ளை அடித்த அடியில் இடது காது ஜவ்வு கிழிந்துவிட்டது, இனி அந்தப் பக்கம் கேட்காது என்று மருத்துவர் சொன்னதை இரண்டு காதாலும் கேட்டவரும் அவர்தான். தெரியாமல் செய்துவிட்டார் என்று பின்னால் யாரும் கிராமுக்காகப் பரிந்து பேச முடியாது.

அண்ணன் வீட்டுப் பின்னறையில் தங்கை சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். வேலைக்குப் போவாள், வருவாள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கிராம் வங்கிக் காசாளர் ஒருவரைப் பிடித்து ஓட்டவைத்தார். தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட தங்கமான மனிதர். ஓட்டினால் கடைசிதான். ஒருநாள் கிராம் தானே தூரிகையை எடுத்துக் கதவுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது படுக்கையிலிருந்து குரல் வந்தது.

"அந்தக் கோடு கோணலா இருக்குண்ணா."

"கண்ணு சரியாத் தெரியலம்மா."

"குடு இப்படி. யாரு ஓட்டுறா இப்ப?"

சொன்னார். அவள் எழுந்து உட்கார்ந்து, கோட்டைத் துடைத்துத் திரும்பப் போட்டாள். டிரைவருக்குக் காசாளரின் முகத்தைத் தீட்டி, கடுகளவு முகத்தில் வட்டக் கண்ணாடியும் போட்டாள். "பாவம், கண்ணாடி இல்லாம அவருக்கு வளைவு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். கிராம் சமையல்கட்டுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து வேலை விட்டு வந்தால் அவள் மேசைக்குத்தான் வருவாள்.

இதோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

மறுபடி ஓட்டுகிறேன் என்று மாப்பிள்ளை பல் செட் கூடத்துக்கே வந்தார். வந்தவரை விரட்டாமல் கிராம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மச்சான், நமக்குள்ள என்ன இருக்கு? அது வேற, இது வேற."

நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கிராம் கேட்டது வேறு. "இந்த வண்டி பின்பக்கம் கொஞ்சம் சறுக்குது. பார்க்கிறீங்களா?" என்றார். அப்போதும் வாங்க, போங்க என்ற மரியாதை குறையவில்லை. மாப்பிள்ளை ஓட்டிய முதல் ஞாயிறே கார் முதலாவதாக வந்தது. தான் இழைத்த கார் எப்படி ஓட வேண்டுமோ அப்படி ஓடியதைப் பார்த்த கிராமுக்கு, கூச்சத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது, உடம்பெல்லாம் சந்தோஷம்.

காசாளர் வருத்தப்படாமல் விலகிக்கொண்டார். ஒன்றே ஒன்று கேட்டார். "உங்க தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றார் கிராம்.

ஞாயிறுகளில் தங்கைக்கு மருந்துக்கடையில் வேலை இருந்ததால் பொய்க்கு ஆயுள் நீண்டது. வீட்டுக்கு வந்து "ஜெயிச்சிட்டோம்மா" என்பார். "பார்த்தியா, கண்ணாடி வேலை செய்யுது," என்பாள். காசாளருக்கு வர வர விரல் பழகிவிட்டதென்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. ஒவ்வொரு புதுக் காரிலும் அந்தக் கண்ணாடியை இன்னும் நேர்த்தியாகப் போட்டாள். முகத்துக்கு ஒரு பூச்சு போதும், இரண்டாவது பூச்சு எடை கூட்டும் என்று மட்டும் கிராம் நினைவுபடுத்துவார்.

இறுதிப் போட்டி வந்தது. "நான் லீவு போட்டுட்டேன். வரப்போறேன்," என்றாள். கடைக்கும் மருத்துவமனைக்கும் தவிர வேறெங்கும் போகாதவள்.

"கூட்டமா இருக்கும்மா."

"இருக்கட்டுமே."

கிராம் வெளியே நழுவினார். மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். "இந்தத் தடவை..." என்று இழுத்தார்.

"என்ன மச்சான்?"

"ஒண்ணுமில்ல. டயரைத் துடைச்சு வச்சிருக்கேன்."

தங்கையிடமும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. போட்டி முடிகிற நேரத்தைத் தொடங்குகிற நேரமாகச் சொல்லிவைத்தார். அவள் வருவதற்குள் மாப்பிள்ளை கிளம்பிவிடுவார், காசாளர் நிற்பார், எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்கு. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் அவள் முன்னாலேயே கிளம்பிவிடுவாள் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

ஜோடியில் ஓட்டாதவர்கள் வளைவுக்கு ஒருவராக நிற்க வேண்டும் என்பது சங்கத்தின் சட்டம். பறக்கும் கார் எதிராளியுடையதானாலும் எடுத்துக் காடியில் வைக்க வேண்டும். பந்தயம் முடியும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது. கிராம் கடைசி வளைவில் நின்றார். மாப்பிள்ளை மேடையில் நின்று ஓட்டிக்கொண்டிருந்தார். கடைசிச் சுற்றுக்குச் சற்று முன்னால் கதவைத் திறந்துகொண்டு தங்கை வந்தாள். வந்தவள் நேராகப் பார்வையாளர்களுக்கு நடுவே நின்ற காசாளரிடம் போனாள். இரைச்சலில் கிராமுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் சிரித்தபடி ஏதோ கேட்டாள். காசாளர் குழம்பிப் போய் இல்லையென்று தலையை ஆட்டினார். பிறகு அவளுடைய வலது காதருகே குனிந்து ஏதோ சொல்லி மேடையைக் காட்டினார். அவள் முகம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

அந்த நொடியில்தான் கிராமின் கார் வளைவில் பறந்தது. அவர் காலடியில் வந்து விழுந்தது. அப்படியே விட்டிருக்கலாம். கை தடுமாறியது என்று சொன்னால் யாரும் ஒன்றும் கேட்டிருக்கப் போவதில்லை. குனிந்தார், எடுத்தார், இமைக்கும் நேரத்தில் காடியில் பொருத்தினார். அத்தனை வருடப் பழக்கத்தில் இவ்வளவு சுருக்காக அவர் எந்தக் காரையும் எடுத்து வைத்ததில்லை. நிமிர்ந்தபோது தங்கை அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார் ஜெயித்தது. மாப்பிள்ளை மேடையிலிருந்து கையை உயர்த்தினார்.

தெருவில் அவளை ஓடிப்போய்ப் பிடித்தார். மூச்சு வாங்க, பக்கத்திலேயே நடந்துகொண்டு, "அது வேற, இது வேறம்மா. வண்டிக்காகத்தான்..." என்று ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தார். அவள் பாட்டுக்கு நடந்தாள். கடைத்தெரு முனையில்தான் நின்றாள்.

"அந்தப் பக்கம் கேக்காதுண்ணா. இந்தப் பக்கம் வந்து சொல்லு."

கிராம் சுற்றிக்கொண்டு அவளுக்கு வலப்பக்கம் வந்து நின்றார். அவள் காதைக் கொடுத்துக் காத்திருந்தாள், நிஜமாகவே காத்திருந்தாள்.  கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் நடந்தாள்.

கடையில் உடன் வேலை செய்யும் பெண்ணோடு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சண்டை போடவில்லை, அழவில்லை. தூரிகைகளை எடுத்துக்கொண்டாள். சேர்த்து வைத்திருந்த மாத்திரை அட்டைகளை டப்பாவோடு மேசையில் விட்டுப்போனாள். கிராம் மருந்துக்கடைக்குப் போய்ப் பார்த்தார். "என்ன வேணும்?" என்று மற்றவர்களைக் கேட்பதுபோல அவரையும் கேட்டாள். தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

இனியாவது விட்டுத் தொலைத்திருப்பார் என்று நினைப்பீர்கள். அடுத்த பருவத்துக்கு மாப்பிள்ளை வந்து நின்றபோது மோட்டாரை எடுத்து இழைக்க உட்கார்ந்துவிட்டார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. இதுவரை செய்ததிலேயே மெல்லிய மேல்கூடு அதுதான்.

போட்டியன்று காரைச் சோதிப்பவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டிரைவருக்கு மூஞ்சி இல்லையே. மூஞ்சி இல்லாம ஓட விடமாட்டோம், தெரியுமில்ல?"

கிராம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். கண்ணுக்கு இரண்டு புள்ளி, வாய்க்கு ஒரு கோடு. கோடு கோணலாக விழுந்தது.

"இது போதுமா?"

"சட்டத்துக்குப் போதும்," என்று அவர் காரைத் தராசில் வைத்தார். எடை சரியாக இருந்தது. கிராம் தன் வளைவில் போய் நின்றுகொண்டார்.