கடைக்காலுக்குள் கேட்ட தட்டு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் கொத்து வேலைக்காரன். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள். ஆனாலும் 1969-இல் கடத்தூரில் என் காதால் கேட்டதை இல்லை என்று சொல்ல முடியவில்லை.

அப்போது என் தங்கை வஹிதா மூன்று பிள்ளைகளோடு என் ஒற்றை அறையில் இருந்தாள். மழையில் அவள் வீட்டுச் சுவர் விழுந்துவிட்டது. எப்படியாவது அவளுக்கு ஒரு வீடு பார்த்துக் கொடுக்க வேண்டும். பார்த்த வீட்டிலெல்லாம் ஏதாவது கோளாறு. அன்றைக்கும் பாப்பாரப்பட்டியில் ஒன்றைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பஸ் மாறி இன்னொரு வீட்டைப் பார்க்கக் கடத்தூர் வந்து சேர்ந்தபோது உடம்பு அடித்துப் போட்டது போல் இருந்தது. இந்த வீடு சுமாராக இருந்தாலும் சரி, வாங்கிக்கொள் என்று சொல்லிவிடுவோம். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பூட்டிக் கிடந்த வீடு. சுவரில் சாய்வான விரிசல் எதுவும் இல்லை. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன், சுவர் நேராக நின்றது. ஓதமும் ஏறவில்லை. அஸ்திவாரம்தான் பாக்கி. எங்கள் பக்கம் அதைக் கடைக்கால் என்போம்.

கூட வந்த கொத்தனார் பச்சியப்பன், "நீங்க பின்னால குழி எடுங்க பாய். நான் சாவி வாங்கியாந்து உள்ள நின்னு தட்டறேன்" என்று கடைவீதிக்குப் போனான்.

எங்கள் வழக்கம் அது. வெளியே இருப்பவன் கல்லைச் சுத்தியலால் தட்டுவான். உள்ளே இருப்பவன் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் திருப்பித் தட்டுவான். ஒரு தட்டு என்றால் கெட்டி, மேலே போகலாம். இரண்டு தட்டு என்றால் பொந்து, நில்.

பொழுது சாய ஆரம்பித்திருந்தது. மூலையில் குழி எடுத்து இறங்கினேன். கடைக்கால் கல்லைத் தட்டினேன்.

டக்... டக்.

பச்சியப்பன் வந்துவிட்டான் போலிருக்கிறது. ஆனால், பொந்தா? என் பக்கம் கல் கணீரென்றுதான் பேசியது. மறுபடி தட்டினேன்.

டக்... டக்.

"சரியாக் கேளுய்யா!" என்று கத்தினேன். எனக்கு எரிச்சல். குனிந்து இன்னும் கீழ்க்கல்லைத் தட்டினேன்.

டக்... டக்.

சத்தமும் கீழே இறங்கியிருந்தது. என் முழங்காலுக்கு நேராக...

அப்போதுதான் உறைத்தது. வீட்டுத் தரை என் மார்புக்கு மேலே இருந்தது. உள்ளே நிற்பவன் தரைக்குக் கீழே எப்படித் தட்டுவான்?

சுத்தியலைக் கீழே போட்டேன்.

நான் தட்டவில்லை.

டக்... டக்.

"பாய்!"

குரல் முதுகுக்குப் பின்னால். தெருவிலிருந்து பச்சியப்பன் வேர்க்க வேர்க்க வந்துகொண்டிருந்தான்.

"சாவி இப்பத்தாங்க கெடச்சுது. ஏன் மூஞ்சி இப்பிடி வெளுத்திருக்கு?"

குழியைக்கூட மூடவில்லை. அவனை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வஹிதாவிடம் வேண்டாம் என்றேன். "நீ பாத்த வூட்ல ஒண்ணாவது தேறியிருக்காண்ணா?" என்று அழுதாள்.

அந்த ஐப்பசி மழையில் அந்த மூலை அப்படியே உள்வாங்கிவிட்டது. நல்லவேளை, வீட்டில் யாரும் இல்லை. தரைக்குக் கீழே ராகி கொட்டி வைக்கும் பழைய நிலக்குழி இருந்திருக்கிறது. வாயைப் பலகைக்கல்லால் மூடி, மேலே தரை போட்டுவிட்டார்கள். குழிக்குள் ஓர் ஆளின் எலும்பு. பக்கத்தில் கொத்தனார் சுத்தியல்.

அந்த வீட்டுக்குக் கடைக்கால் போட்ட மாதேஸ்வரன் பாதி வேலையில் காணாமல் போனவராம். கோலார் சுரங்கத்துக்கு ஓடிப்போய்விட்டார் என்றே ஊரில் நினைத்திருந்தார்கள். அவர் குழிக்குள் எப்படிப் போனார், கல்லால் மூடியது யார்... யாருக்கும் தெரியவில்லை.

அவர் மனைவி குள்ளம்மாள் மட்டும் நம்பவே இல்லை. "எலும்புல பேரா எழுதியிருக்கு?" என்று சண்டை போட்டாராம். பச்சியப்பன் சொல்லி, ஒரு நாள் என்னைத் தேடி வந்துவிட்டார். கேட்டது ஒரே கேள்வி.

"மொதத் தட்டு மெதுவா, ரெண்டாவது ஓங்கி விழுந்துச்சுங்களா?"

அப்படித்தான் விழுந்தது. அதை நான் பச்சியப்பனிடம்கூடச் சொன்னதில்லை. இவ்வளவு நேரம் உங்களிடமும் சொல்லவில்லை.

"ஆமாங்க" என்றேன்.

அந்த அம்மா அழவில்லை. நெற்றிக் குங்குமத்தை முந்தானையால் அழுந்தத் துடைத்துக்கொண்டே எழுந்து போனார்.