தொடாமல் உருண்ட டின்

ஆயுத பூஜையன்று மட்டும், கும்மிடிப்பூண்டியில் அம்மா வேலை பார்த்த கம்பெனிக்குள் பிள்ளைகளை விடுவார்கள். பிளாஸ்டிக் தாளை ஆளுயர ரோல்களாகச் சுற்றும் கம்பெனி அது. ஐந்தாவது படித்த வருடம் நான் சுண்டலுக்கும் பொரிக்கும் ஆசைப்பட்டுத்தான் போனேன்.

முந்தின வாரம், அம்மாவோடு வேலை செய்த அக்கா ஒருத்தி ரோலுக்குப் பக்கத்திலிருந்த இரும்பு ரேக்கில் கை வைத்திருக்கிறாள். சுளீரென்று ஷாக் அடிக்க, பதறி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. கவனக்குறைவு என்று அவளை நிறுத்தப்போவதாகப் பேச்சு. அன்றிலிருந்து அம்மா தன் பழைய பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். “பரீட்சை உனக்கா, புள்ளைக்கா?” என்று அப்பா கேலி செய்தார்.

பூஜை முடிந்ததும் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு மேனேஜரின் ஏசி அறைக்குள் போனாள்.

“ரேக்குக்கு கரன்ட் கனெக்‌ஷனே கெடையாது. ரோலும் அதத் தொடல. அப்புறம் ஷாக் எப்படிம்மா வரும்?” என்றார் மேனேஜர், வாய் நிறையச் சுண்டலோடு.

“தொடவே வேணாம் சார். கிட்ட இருந்தாலே போதும்.”

பையிலிருந்து காலி கூல்டிரிங்ஸ் டின் ஒன்றை எடுத்து மேஜைமேல் படுக்கவைத்தாள். ஒரு முழ பிவிசி பைப்பை அப்பாவின் கம்பளி மப்ளரால் பரபரவென்று தேய்த்து, டின்னருகே கொண்டுபோனாள். டின் தானாக உருண்டது. பைப் நகர நகர, நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே போனது. நான் வாயைப் பிளந்தேன்.

“டின்னுல ரெண்டு வகை சார்ஜும் சமமா கலந்துகினு இருக்குது சார். பைப்பு கிட்ட வந்தா ஒண்ணு இந்தப் பக்கம் வந்துடுது, இன்னொண்ணு அந்தப் பக்கம் ஒதுங்கிக்குது. கிட்ட வந்தத பைப்பு இழுக்குது. பிளாஸ்டிக் தாளு உரசி உரசிச் சுத்துறதுல ரோலுலயும் இதே மாதிரி சார்ஜ் ஏறிடுது. ரோலு பக்கத்துல ரேக்கும் இப்படித்தான் பிரிஞ்சி நிக்குது. கை வெச்சா, ஒதுங்கினது கை வழியா பாயுது. ஒரு எர்த் ஒயர் போட்டா தரைக்குப் பூடும்.”

மேனேஜர் பைப்பை வாங்கித் தானே தேய்த்துப் பார்த்தார். அவருக்கும் டின் உருண்டது. சிரித்துவிட்டார்.

அந்த வாரமே ரேக்கில் செம்பு ஒயர் ஏறியது. மாவுக்கட்டைப் பிரித்ததும் அக்காவும் வேலைக்குத் திரும்பினாள்.

பூஜையன்று எங்கள் ஊர் கவரைப்பேட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில், “இன்னொரு தபா செஞ்சி காட்டும்மா” என்று நச்சரித்தேன். அம்மா என் கையை வலிக்கும் அளவுக்குப் பிடித்திருந்தாள். அவள் வெறும் கான்ட்ராக்ட் தொழிலாளி என்பதோ, மேனேஜர் முகம் சுளித்திருந்தால் அவள் வேலையும் சேர்ந்து போயிருக்கும் என்பதோ எனக்குத் தெரியாது. பஸ்ஸில் பாதி சீட் காலியாக இருந்தது. கூட்டத்தில் நான் தொலைந்துவிடக் கூடாதென்று பிடித்திருக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டேன்.