சந்தனத்துக்குப் பின்னால் எரிந்த விளக்கு

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் நாமக்கல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். சுற்றுக் கிராமங்களில் ஆளில்லாமல் தானே ஓடும் சின்ன எக்ஸ்சேஞ்சுகள் இருந்தன. அவற்றில் ஒன்று படுத்துவிட்டால், யாராவது பஸ் ஏறி வந்து திட்டினால்தான் எங்களுக்குத் தெரியும். அந்த மானக்கேடு தீர ஒரு புதுப் பலகை வந்தது. ஊருக்கு ஒரு சிவப்பு விளக்கு. அங்கே கோளாறு என்றால் இங்கே எரியும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எங்கள் சூப்பர்வைசர் பலகையையும் விடவில்லை. விளக்குக்கு விளக்கு கெட்டியாகச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார். மூலவருக்குக்கூட அவ்வளவு சாத்துவார்களா தெரியாது. என் வீட்டுக்காரர் அதே இலாகாவில் மெக்கானிக். தன் பொறுப்பிலிருந்த கிராம எக்ஸ்சேஞ்சுக்குப் பூஜை போட, பொரியும் சூடமுமாகக் காலை பஸ்ஸிலேயே போயிருந்தார்.

பொரியைக் கொறித்துக்கொண்டே பலகையைப் பார்த்தேன். எல்லாச் சந்தனமும் ஈரமாயிருக்க, ஒன்று மட்டும் காய்ந்து வெடித்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். உள்ளே சிவப்பாக எரிந்தது. அவர் போன ஊர்தான்.

விளக்கு இப்படி அணையாமல் நின்று எரிந்தால், அங்கே சார்ஜர் நிற்காமல் பாட்டரிக்குக் கரண்ட் ஏற்றிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம் என்றார் சூப்பர்வைசர். சொல்லும்போதே அவர் முகம் வெளுத்தது. அப்படி ஏறினால் வாயு கிளம்பிப் பூட்டிய பாட்டரி அறையில் அடைந்து நிற்கும். ஒரு பொறி போதும். உள்ளே நெருப்புக் கூடாது என்று சுவரிலேயே எழுதியிருக்கும். சாமிக்குக் காட்டும் சூடம் அந்தக் கணக்கில் வராது என்பது எங்கள் ஆட்களின் நினைப்பு. வருஷா வருஷம் பாட்டரிக்கும் காட்டித்தான் வந்தார்கள்.

அந்த எக்ஸ்சேஞ்சுக்கே போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. பூஜையில் நின்றால் அந்த மனுஷன் போனை எடுக்க மாட்டார். அந்த எக்ஸ்சேஞ்சுக்கு எதிரே இருந்த கோழிப்பண்ணைக்குப் போட்டேன். பண்ணைக்காரர் சாவகாசமாக நலம் விசாரித்தார். அவர் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

"சூடம் பத்த வெக்க வேண்டாம்னு ஓடிப்போய்ச் சொல்லுங்க" என்றேன்.

"நல்ல நாளு அதுவுமா அப்படிச் சொல்லலாங்களா?"

"சொல்லாட்டி நான் தாலியறுக்கோணுமுங்க."

போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். எனக்குக் கோழிகளின் கொக்கரிப்பு மட்டும் கேட்டது. அதற்கு நடுவே வேறொரு சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். கும்பிட ஒரு சாமி பெயர்கூட வாயில் வரவில்லை.

கடைசியில் என் வீட்டுக்காரர் குரல் வந்தது, எரிச்சலோடு. சூடம் காட்டக்கூடப் பெண்டாட்டியைக் கேட்க வேண்டுமா என்றார். அழுகையும் திணறலுமாக விளக்கு எரிவதைச் சொன்னேன்.

பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எரியற தட்டோடதான் நின்னேன். பாட்டரி ரூம் பூட்டுல சாவியப் போட்டுட்டேன், அம்மிணி."