காய்ந்த புற்றுமண்

அப்பாவுக்கு நீரிழிவு என்று டாக்டர் சொன்ன அன்றே எங்கள் வீட்டுச் சர்க்கரை டப்பா பரணில் ஏறிவிட்டது. தினமும் விடிந்ததும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்பதும் டாக்டர் உத்தரவு. அப்பாவோ தெருமுனைக் கடைக்கே சைக்கிளில் போகிறவர். அதனால் அம்மா என்னைக் காவலுக்கு அனுப்பினாள். எனக்கு எட்டு வயது. யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டேன். இவளுக்குப் பொய் சொல்ல வராது என்று அம்மா நம்பினாள்.

ரத வீதியை மூன்று சுற்று சுற்றிவிட்டு, கோயிலில் புற்றுமண் வாங்கிவர வேண்டும். சங்கரன்கோவிலில் எந்த நோவுக்கும் முதல் மருந்து அந்த மண்தான். நாங்கள் நடந்ததற்கு அத்தாட்சியும் அதுதான். அம்மா அதை அப்பாவின் நெற்றியில் பூசி, எங்கள் நாக்கிலும் துளி வைப்பாள்.

நான்கு நாள் ஒழுங்காக நடந்தோம். ஐந்தாம் நாள் அப்பா மண்ணைக் கூடுதலாக வாங்கி, காலியான மூக்குப்பொடி டப்பாவில் அடைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து ஸ்டேஷன் பக்கத்துக் காப்பி கிளப்புக்குப் போனோம். இலைத் துண்டில் சுடச்சுடக் கேசரி. வீட்டில் என்னிடம் பத்து வார்த்தை பேசாதவர், அங்கே ரயிலைக் காட்டிக் கதை கதையாகச் சொன்னார்.

"நீ பொய் சொல்ல வேண்டாம் மக்கா. எப்பவும்போல சும்மா இருந்தாப் போதும்."

ஒரு வாரம் போனது. அன்று அம்மா மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"இன்னைக்கு எடுத்த மண்ணு பிசுபிசுன்னுல்லா இருக்கும்? இது பொடியா உதிருதே."

"கோயில்ல நல்ல கூட்டம்," என்றார் அப்பா, சம்பந்தமே இல்லாமல்.

"நீ சொல்லுட்டி."

நான் சும்மா இருந்தேன். பாவாடையில் இருந்த நெய்க்கறை சொல்லிவிட்டது.

அம்மா கத்தவில்லை. "கால்ல புண்ணு ஒரு மாசமா ஆறல. உங்களுக்கு ஒண்ணுன்னா நான் எங்க போவேன்? நாளைக்கு நானே வாரேன்," என்றாள்.

என் வேலை போயிற்று. புருஷனோடு உலாத்தப் போகிற பொம்பளை எங்கள் தெருவில் அதுவரை கிடையாது. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அம்மா தலையைக் குனிந்துகொண்டு நாலடி பின்னால் போனாள். அப்பாவுக்குத் தண்டனை கொடுக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். கேசரி போன துக்கத்தில் வாசல்படியில் உட்கார்ந்திருப்பேன். நாள் ஆக ஆக நாலடி இரண்டடியானது. புண்ணும் ஆறியது.

சித்திரையில் ஒரு நாள் இருவரும் சேர்ந்தாற்போலத் தெருவில் திரும்பினார்கள். அப்பா எதையோ சொல்ல, அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாசலுக்கு வந்ததும் என் உள்ளங்கையில் புற்றுமண்ணை வைத்தாள். அவள் சேலையில் காப்பி வாசம் அடித்தது. மண் பொடியாக உதிர்ந்தது.

வெயிலுக்குப் புற்றும் காய்ந்துவிட்டது போல என்று நினைத்து, அதை நாக்கில் வைத்துக்கொண்டேன்.