அறுநூறு டாலர் ரைபிள்

வெர்லின் டாக்கெட்டுக்கு இரண்டு வேலைகள். ஒன்று, பிரையர் க்ரீக் மலைப்பக்கத்து வீடுகளுக்குக் கேஸ் லாரி ஓட்டுவது. இன்னொன்று, அரசியல் சாசனத்தைக் காப்பாற்றுவது. இரண்டாவதற்குச் சம்பளம் கிடையாது. அதனாலேயே அதை அவர் இன்னும் கருத்தாகச் செய்தார்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தொட்டியில் குழாயை மாட்டிவிட்டால் கேஸ் நிரம்பக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்தில் வீட்டுக்காரர்கள் தப்பிக்க வழியில்லை. துப்பாக்கி வைத்திருப்பது கடவுள் கொடுத்த உரிமை என்பதில் தொடங்கி, ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குத் தன் துப்பாக்கியை விற்றால் அதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்பது வரை வெர்லின் சொல்லி முடிக்கும்போது தொட்டி நிரம்பியிருக்கும். கென்டக்கிக் குளிரில் கேஸ் இல்லாமல் இருக்க முடியாது என்பதால் எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். முதுகுக்குப் பின்னால் அவரை வக்கீல் என்றார்கள். அது வெர்லினுக்குத் தெரியும். அதில் அவருக்குப் பெருமைதான்.

படிப்பு ஒன்பதாவதோடு நின்றுவிட்டது. அப்பாவோடு புகையிலைக் காட்டில் வேலை, பிறகு மர ஆலை, பிறகு கேஸ் லாரி. கல்யாணமாகி முப்பது வருஷம். மனைவி நோரீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். அவளுக்குச் சாசனம் பற்றிக் கருத்து எதுவும் இல்லை. குளியலறைத் தரை பற்றி இருந்தது. குளிக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் பலகை உளுத்துப்போய், காலை வைத்தால் பஞ்சு மாதிரி அமுங்கியது.

"மெதுவா மிதி, ஒண்ணும் ஆகாது," என்பார் வெர்லின்.

"ஆறு வருஷமா மெதுவாத்தான் மிதிக்கிறேன்," என்பாள் நோரீன்.

அந்த ஆறு வருஷமும் வெர்லின் ஒரு ரைபிள் செய்துகொண்டிருந்தார். செய்வதென்றால் பட்டறை வைத்து அடிப்பதல்ல. தனித்தனியாகச் சாமான் வாங்கிப் பூட்டுவது. கடையில் முழுசாக வாங்குகிறவன் ஏமாளி என்பது வெர்லினின் கொள்கை. சுதந்திர தினத் தள்ளுபடியில் குழல். நன்றி தெரிவிக்கும் நாள் தள்ளுபடியில் தோள்கட்டை. அதைவிட நல்ல தோள்கட்டை அடுத்த மாதமே பாதி விலைக்கு வந்தபோது அதுவும். அவருடைய கணக்கு நேரானது: பாதி விலைக்கு ஒரு சாமான் வாங்கினால் மீதிப் பாதி லாபம். நாலு சாமான் வாங்கினால் இரண்டு சும்மா வந்த மாதிரி. இப்படி லாபமாகவே சேர்ந்து சேர்ந்து அந்த ரைபிள் ஆயிரத்து எண்ணூறு டாலரைத் தாண்டியிருந்தது. அது வெர்லினுக்கு மட்டும்தான் தெரியும் என்று வெர்லின் நினைத்திருந்தார். வீட்டு வாசலுக்கு வந்த பெட்டிகளெல்லாம் லாரிக்கு மாற்றும் ஃபில்டர் என்று நோரீனிடம் சொல்லியிருந்தார்.

ரைபிளுக்கு ஒரு போட்டி உண்டு. ஊர்த் துப்பாக்கிச் சங்கம் வருஷா வருஷம் ஏப்ரலில் நடத்தும் ஏழை ரைபிள் போட்டி. அறுநூறு டாலருக்குள் செய்த ரைபிளைத்தான் கொண்டுவரலாம். பணக்காரன் வந்து ஏமாற்றக் கூடாது என்று பழைய ஆட்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். போட்டிக்கு வந்த எந்த ரைபிளையும், சங்கத்து ஆள் எவரும், அறுநூறு டாலரை நீட்டி அங்கேயே கேட்கலாம். கேட்டால் கொடுத்துவிட வேண்டும். மறுத்தால் விலையில் பொய் சொன்னதாகத்தான் அர்த்தம், போட்டியிலிருந்து தூக்கிவிடுவார்கள். விதி பலகையில் எழுதித் தொங்கியது. ஆனால் இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. அடுத்தவன் வளர்த்த வேட்டை நாயைக் கேட்பது எப்படியோ அப்படி. விதி பலகையில் இருந்தது, மரியாதை மனிதர்களிடம் இருந்தது. இந்த மரியாதையை நம்பித்தான் வெர்லின் அந்த வருஷம் ரைபிளைத் தூக்கிக்கொண்டு போனார்.

போட்டியில் முதல் பரிசும் அவருக்கே கிடைத்தது. மற்றவர்கள் துரு நீக்கிக் கொண்டுவந்த ரைபிள்களுக்கு நடுவே அது கோழிக்கூட்டில் மயில் மாதிரி இருந்தது.

"அறுநூறுக்கு இதா?" என்றார் டெல்மஸ் கோம்ஸ். சுரங்க லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், வெர்லினின் பால்ய நண்பர், எதையும் சும்மா விடாதவர். "டேய் வெர்லின், அந்த ஸ்கோப்பு மட்டுமே என்னோட காரைவிட நல்லா இருக்கே."

"உன் காரைவிட நல்லா இல்லாத சாமான் இந்த ஊர்ல எதுடா? பொறுமை வேணும். தள்ளுபடி வரும் வரைக்கும் காத்திருக்கத் தெரியணும்."

அந்த நேரத்தில்தான் ட்வைலா ரென்ஃப்ரோ முன்னால் வந்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பக்கத்து மாவட்டத்திலிருந்து குடிவந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, சங்கத்தில் சேர்ந்து இரண்டு மாதம். கையில் ஒரு உறை.

"இதுல அறுநூறு இருக்கு," என்றாள். "அந்த ரைபிள எனக்குக் கொடுத்துடுங்க. கயோட்டி நரிங்க என் ஆட்டுக்குட்டிங்கள ஒண்ணொண்ணா தூக்கிட்டுப் போகுது."

பேச்சு நின்றது. சங்கக் கூடத்தின் பரிமாறும் ஜன்னலில் மிளகாய்க் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த நோரீனின் கரண்டி மட்டும் நிற்கவில்லை.

டெல்மஸ் அன்பாகச் சொன்னார். "ட்வைலா, கண்ணு, அந்த விதி சும்மா எழுதி வெச்சது."

"பலகையில அதுக்கு மேல, 'குண்டு போட்ட துப்பாக்கியோட உள்ள வராதே'ன்னு எழுதியிருக்கே. அதுவும் சும்மாவா?"

டெல்மஸ் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடினார்.

வெர்லின் தொண்டையைச் செருமினார். சட்டம் தெரிந்த மனிதர் அல்லவா, சட்டத்தில் வழி இருக்கும் என்று நம்பினார். "நான் கொடுக்க மாட்டேன்னு சொல்லல. ஆனா வேற மாநிலத்து ஆளுக்கு நேரடியா விக்கக் கூடாது. நீ இந்த மாநிலத்துலதான் இருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"போன வியாழக்கிழமை நீங்கதான என் வீட்டுல கேஸ் ரொப்புனீங்க. சாசனத்துல பாதி வரைக்கும் வந்துட்டீங்க, தொட்டி ரொம்பிடுச்சு."

எங்கேயோ ஒருவர் சிரித்து, அதை இருமலாக்கிக்கொண்டார்.

வெர்லின் ரைபிளைக் கொஞ்சம் உடம்போடு சேர்த்துப் பிடித்தார். அடுத்து அவர் வாயிலிருந்து வந்தது அவருக்கே புதிதாக இருந்தது. "அப்படின்னாலும், ஆள் யாரு எப்படிப்பட்டவங்கன்னு தெரியாம துப்பாக்கியத் தூக்கிக் கொடுக்கிறது பொறுப்பில்ல பாரு. பின்னணி விசாரணை ஒண்ணு பண்ணிட்டா எல்லாருக்கும் நல்லது."

டெல்மஸ் தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டார்.

"என்ன சொன்ன?" என்றார் டெல்மஸ்.

"பொறுப்புன்னு சொன்னேன்."

"பொறுப்புக்குப் பின்னாடி ஒரு வார்த்தை சொன்னியே."

"சட்டப்படி கட்டாயமில்லதான். நாமளா இஷ்டப்பட்டுப் பண்றது."

"பின்னணி விசாரணைன்னு வாயத் தொறக்கிறவன் நாளைக்கு வீடு பூந்து துப்பாக்கியப் பறிப்பான்னு இருபது வருஷமா எங்க காதுல ரத்தம் வர வெச்சது யாருடா, உன் தம்பியா?"

ட்வைலாவுக்கு ஆட்சேபம் இல்லை. "பண்ணிக்கலாமே. பஸ் ஓட்டறதுக்கு அவங்க என்னை எத்தனை தடவை விசாரிச்சிருக்காங்க தெரியுமா? இதென்ன பெரிய விஷயம்."

அப்படிப்பட்ட விசாரணையை உரிமம் வைத்திருக்கும் வியாபாரியின் கடையில்தான் செய்ய முடியும். ஹார்லன் ஓகிளின் கடை சாலையில் கொஞ்ச தூரம்தான். ஹார்லன் ஒரு பக்கம் தூண்டில் புழுவும் ஒரு பக்கம் துப்பாக்கியும் விற்பவர், சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். பரிசு பெற்ற ரைபிள் முன்னால் போக, வண்டிகள் வரிசையாகப் பின்னால் போயின. சாவு ஊர்வலத்தில்கூட இத்தனை பேர் வருவதில்லை. நோரீன் கையைத் துடைத்துக்கொண்டு டெல்மஸின் காரில் ஏறிக்கொண்டாள்.

ஹார்லன் தாளை நிரப்பவைத்து, தொலைபேசியை எடுத்து, அரசாங்கத்தை அழைத்தார். வெர்லின் புழு வைத்திருக்கும் ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்றார். விசாரணையில் உடனே பதில் வராமல் 'தாமதம்' என்று சொல்லிவிட்டால் மூன்று வேலை நாள் கையில் கிடைக்கும். மூன்று நாளில் எத்தனையோ நடக்கலாம். ட்வைலாவின் மனசு மாறலாம். நரிகள் வேறு ஊருக்குப் போகலாம். அரசாங்கம் ஆமையைவிட மெதுவானது, ஒரு தாளை நகர்த்த அதற்கு ஒரு தலைமுறை வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்த வெர்லின், இன்று அது உண்மையாக இருக்க வேண்டுமே என்று மனதாரப் பிரார்த்தித்தார்.

டெல்மஸ் ஊற்றிய காப்பி ஆறுவதற்குள் ஹார்லன் தொலைபேசியை வைத்தார். "ஒண்ணுமில்லையாம். கொடுக்கலாமாம்."

"அவ்வளவு சீக்கிரமா?" என்றார் வெர்லின். "சரியாப் பாத்தாங்களா?"

"திரும்பக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் கடுமையா இருங்கன்னு சொல்லட்டுமா?"

"சில மாநிலத்துல, வாங்கினதுக்கப்புறம் சில நாள் காத்திருந்துதான் கையில வாங்கணும்னு வெச்சிருக்கான். யோசிச்சுப் பாத்தா அதுலயும் ஒரு நியாயம் இருக்கு."

டெல்மஸ் காப்பியைக் கீழே வைத்துவிட்டார். "அந்தச் சட்டம் இங்க வரக் கூடாதுன்னு நாம பஸ் பிடிச்சுத் தலைநகரத்துக்குப் போனோம். மழையில நின்னோம். கோஷம் எழுதின தட்டிய நீதான் பிடிச்சிருந்த. எனக்கு நிமோனியா வந்துச்சுடா, பாவி."

ஹார்லன் வெர்லினை ஓரமாக இழுத்தார். அவர் வியாபாரி. ரைபிளை ஒரு பார்வை பார்த்தாலே விலை தெரிந்துவிடும். "இன்னும் ஒரு வழி இருக்கு," என்று மெதுவாகச் சொன்னார். "அறுநூறுக்கு மேல ஆச்சுன்னு ஒத்துக்கோ. பரிசு போகும், நாலு பேர் சிரிப்பாங்க. ரைபிள் உன்கிட்டயே இருக்கும்."

வெர்லின் ரைபிளைப் பார்த்தார். ஆறு வருஷம். அதன் சுடும் விசைக்காக அவர் ஒரு குளிர்காலம் முழுவதும் மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போயிருக்கிறார். பரிசு போகட்டும், பரவாயில்லை. அவர் வாயைத் திறந்தார்.

"வெர்லின்," என்றாள் நோரீன். எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் சத்தம் போடாமல். "அறுநூறுக்கு மேல ஆயிருந்தா இப்பவே சொல்லிடு. இவ்வளவு பேருக்கு முன்னாடி வெக்கப்படாத. குளியலறைத் தரைக்குக் காசில்லன்னு இருக்கிற வீட்டுல, நமக்கு நஷ்டம் வரக் கூடாது பாரு."

அவள் முகத்தில் அக்கறையைத் தவிர வேறொன்றும் இல்லை. அதுதான் வெர்லினுக்குப் பயமாக இருந்தது.

"மேல ஒண்ணும் ஆகல," என்றார். "அதுக்குள்ளதான்."

"அப்பச் சரி."

ரைபிள் கை மாறியது. உறையை வெர்லின் வாங்கினார். அது தன் கையில் இருப்பதை அவர் உணர்வதற்குள் நோரீன் வாங்கிக்கொண்டாள். "போட்ட காசு முழுசா திரும்பி வந்துடுச்சே," என்று ஹார்லனைப் பார்த்துச் சந்தோஷமாகச் சொன்னாள். "எத்தனை பேருக்கு இப்படி வரும்?"

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வெர்லின் கேட்டார். "அந்த பஸ்காரிக்கு அந்த விதிய யாரு சொல்லிக் கொடுத்தது?"

"பலகையில எழுதியிருக்கே."

"அத யாரும் படிக்கிறதில்ல."

"காலையில பிள்ளைகள இறக்கி விட்டுட்டு, எங்க சமையலறையிலதான் அவ காப்பி குடிக்கிறா," என்றாள் நோரீன். "நல்ல பொம்பள. நிறையப் படிப்பா." இத்தனை வருஷம் ஃபில்டர் பெட்டிகளைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது யார் என்பது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இரண்டு வாரத்தில் புதுத் தரை வந்தது. அடுத்த மாதச் சங்கக் கூட்டத்தில் வெர்லின் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். போட்டி ரைபிளை ஒருவர் கேட்டால், கேட்டவர் மூன்று நாள் பொறுத்திருந்துதான் வாங்க வேண்டும், அதற்குள் இரு தரப்பும் நிதானமாக யோசிக்கலாம். சுதந்திரத்துக்காக உயிரையும் கொடுப்போம் என்று சட்டையிலேயே எழுதி வைத்திருந்த பதினைந்து பேர் தலையாட்டினார்கள். தங்கள் ரைபிளையும் ஒருத்தி கேட்டுவிடக் கூடும் என்று அந்த மாதம் அவர்களில் பாதிப் பேர் சரியாகத் தூங்கவில்லை.

ட்வைலா எழுந்தாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாததால் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குச் சட்டமெல்லாம் தெரியாது. ஆபத்து வந்து வாசல்ல நிக்கிறப்ப, மூணு நாள் கழிச்சு வான்னு அதுகிட்ட சொல்ல முடியாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நரி காத்திருக்காது."

வெர்லின் அவளைப் பார்த்தார். இதே வாக்கியத்தை, நரிக்குப் பதில் திருடன் என்று போட்டு, அவர் எத்தனை வாசல்களில் சொல்லியிருப்பார். தொட்டி நிரம்புவதற்காகக் காத்திருந்தவர்கள் தலையாட்டியிருக்கிறார்கள். ஆனால் அதை அவருக்கு எவரும் திருப்பிச் சொன்னதில்லை. திருப்பிக் கேட்கும்போது அது மிக நன்றாக இருந்தது.

எதிர்ப்பவர்கள் கையைத் தூக்கும்படி ஹார்லன் சொன்னார். ட்வைலாவின் கை எழுந்தது. கொஞ்சம் பொறுத்து, முழங்கையில் வலி இருப்பவர் மாதிரி, வெர்லினின் கையும் எழுந்தது. தீர்மானம் கொண்டுவந்தவரே எதிர்க்கிறார் என்றதும் மற்றவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒவ்வொரு கையாக மேலே போனது. தீர்மானம் தோற்றது.

"சொந்தப் பிள்ளைய நீயே கழுத்த நெரிச்சுட்டியேடா," என்றார் டெல்மஸ்.

"அவ சொன்னது நியாயம்," என்றார் வெர்லின். "நியாயம்னா நியாயம்தான்."

வெளியே ட்வைலா வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். வெர்லின் மெல்ல அவள் பக்கம் போனார். நோரீன் கூட்டத்துக்குக் கொண்டுவந்த குழம்புப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

"எப்படிச் சுடுது?" என்றார்.

"மூணு நரி. ஒவ்வொண்ணுக்கும் ஒரே குண்டுதான். விசைய விரலால நினைச்சாப் போதும், வேலை முடிஞ்சிடுது."

"முடியும். முடியாம இருக்குமா? அந்த விசை மட்டுமே..." என்று ஆரம்பித்த வெர்லின் நிறுத்தினார்.

"அந்த விசை மட்டுமே?" என்றாள் நோரீன், பாத்திரத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு.

வெர்லின் மலையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"அது மட்டும்தான் தள்ளுபடியில வாங்கல," என்றார்.

"தெரியும்," என்றாள் நோரீன். "ஏறு வண்டியில."